ராசா வரும்வரை முடியாத பாட்டு

லாசர் அண்ணாவியாருக்குச் சென்ற மாதம் தூத்துக்குடியில் பாராட்டுக் கச்சேரி நடத்தினார்கள். ஏசி மண்டபம். வாசலில் பன்னீர் தெளித்த பெண்ணிடமிருந்து முகப்பவுடர் வாசனையும் சேர்ந்து வர, நான் நினைவில் பல வருஷம் பின்னால், வேம்பார்ப் பக்கத்துக் கோயில் திருவிழாவுக்குப் போய்விட்டேன். அப்போது நான் பத்திரிகையில் சேர்ந்த புதிது. நாடகம் எப்போது தொடங்கும் என்று விசாரித்தேன். "வள்ளம் கரைக்கு வந்ததும்" என்றார்கள். அதையே செய்தியில் எழுதி அனுப்பினேன். அச்சாகவில்லை.

கடற்கரை ஊர்களில் நாடகத்துக்குப் பாட்டுக் கட்டி, மெட்டுப் போட்டு, நடிகர்களையும் பழக்குகிறவர்தான் அண்ணாவியார். லாசரின் நடிகர்கள் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். அன்று ராசா வேடக்காரர் மிக்கேலுடைய வள்ளத்தின் பாய் தூரத்தில் தெரிந்ததும், ராசா மேடைக்கு வருவதற்கான வரவுப் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். தொடங்கினால் ராசா மேடையில் கால்வைக்கும்வரை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் கடலில் இருப்பவனுக்கு ஆகாது என்பது அங்கே வழக்கம். அந்த நேரம் பார்த்துக் காற்று விழுந்து, வள்ளம் அங்கேயே நின்றுவிட்டது.

லாசர் ராசாவின் கிரீடத்தைப் பாடினார், குதிரையைப் பாடினார், அரண்மனைச் சமையலறையில் கொதிக்கும் சீலாமீன் குழம்பைப் பாடினார். ஊரே பல்லவியை வாங்கிப் பாடியது.

"செருப்பையும் பாடியாச்சு. இனி என்னத்தப் பாட?" என்றார் மத்தளக்காரர்.

"அவன் பொண்டாட்டியப் பாடுல" என்றது ஒரு குரல்.

"என்னையப் பாடினா மேடைக்கே வந்து அடிப்பேன்" என்றார் மிக்கேலின் மனைவி ரோசம்மா, பெண்கள் பக்கமிருந்து.

கடைசியில் மிக்கேல் ஓடி வந்தார். தலையில் கிரீடம், இடுப்பில் கட்டிய ஈரச் சாரம், முழங்கையில் மீன் செதில். நான் பார்த்த ராசாக்களில் அவரைத்தான் முழுதாக நம்பினேன்.

சென்ற மாதக் கச்சேரிக்கு லாசர் கேட்டது ஒன்றுதான்: வரவுப் பாட்டுக்கு மிக்கேல் மேடையேற வேண்டும். இருவருக்கும் வயதாகிவிட்டது, இன்னொரு மேடை கிடைக்கும் என்று இருவருமே நம்பவில்லை. ரோசம்மா முந்தின நாளே நகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்துவிட்டார். மிக்கேல் வந்த பஸ் வழியில் டயர் பஞ்சராகி நின்றது. அது தெரியாமல், இசைக்குழுவை நடத்திய இளைஞர் நிகழ்ச்சி நிரல்படி பாட்டைத் தொடங்கிவிட்டார்.

லாசர் முன்வரிசையிலிருந்து எழுந்தார். "தொடங்கிட்டியா? இனி நிறுத்தாத."

"கம்ப்யூட்டர்ல மியூசிக் நாலு நிமிஷந்தான் இருக்கு ஐயா."

"அது நிக்கட்டும். நீ நிக்காத."

கம்ப்யூட்டர் நின்றது. லாசர் மேடையேறி ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்தார். கிரீடம், குதிரை, குழம்பு எல்லாம் வரிசையாக வந்தன. பிறகு, ரோசம்மா போனில் கேட்டுச் சொல்ல, ராசாவின் பஸ் வந்தது, பஞ்சரான டயர் வந்தது, மூட்டுவலித் தைலம் வந்தது. கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்த பிரமுகர்கள்கூடப் பல்லவிக்கு வாயசைத்தார்கள். லாசரின் குரல்தான் உடையத் தொடங்கியது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே மூச்சு வாங்கினார். கை மட்டும் கட்டையை விடவில்லை.

நாலாம் வரிசையில் ரோசம்மா எழுந்து நின்றார். "அண்ணாவி, இன்னும் என்னையப் பாடலியே."

மண்டபம் சிரித்து ஓயும்வரை லாசருக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. ராசாத்தியைப் பாடினார். அந்த அடியின் நடுவில் கதவு திறந்தது. துணிப்பையும் ஊன்றுகோலுமாக மிக்கேல் பாடிக்கொண்டே நடந்து வந்தார். அவர் கால் மேடையில் பட்ட பிறகுதான் லாசர் கையை எடுத்தார்.

"ஏலே, நீ முடிச்சிருப்பன்னு நெனச்சேன்" என்றார் மிக்கேல்.

"நீ வராம எப்பிடில முடிக்கது?"

இப்போது வள்ளங்களுக்கு எஞ்சின் இருக்கிறது. யார் எங்கே வருகிறார் என்பதைப் போன் சொல்லிவிடுகிறது. திருவிழா நாடகங்கள் நோட்டீசில் போட்ட நேரத்துக்குத் தொடங்குகின்றன. செய்தி எழுதுகிறவனுக்கு வசதிதான்.

போன வாரம் கச்சேரியின் வீடியோ வந்தது. படம் துல்லியம், ஒலியும் நன்றாக இருக்கிறது. வரவுப் பாட்டை அதில் நாலு நிமிடமாக வெட்டியிருக்கிறார்கள். ராசா வருவதற்குள் முடிந்துவிடுகிறது.