சூடம் அணைத்த கை

என் இடக்கையின் புறத்தில் விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது. ஏழு வயதில் என் தந்தையார் வைத்தது. அவர் திருநாவலூர்க் கோயிலில் பதிகம் பாடும் ஓதுவார். அவர் மகனான நான் திருநீற்றை இடக்கையால் எடுத்துப் பூசியதைச் சன்னதியில் நாலு பேர் பார்த்துவிட்டார்கள். வீடு திரும்பியதும் தோசைக்கரண்டியை அடுப்பில் காய்ச்சி, என் கையைப் பலகையோடு அழுத்திப் பிடித்துச் சுட்டார். சுடும்போதே அன்றைய பதிகப் பாடத்தை ஒப்பிக்கச் சொன்னார். அலறலுக்கு நடுவே நான் ஒரு சீரும் தவறாமல் ஒப்பித்தேன். அன்று முதல் உண்பது, எழுதுவது, வணங்குவது யாவும் வலக்கைக்குச் சென்றன. இடக்கையில் கோபம் மட்டும் தங்கியது.

கள்ளக்குறிச்சியில் படிக்க வந்தபோது, ஆசிரியர் மன்றத்தில் கிடந்த டேபிள் டென்னிஸ் மேசையில் அந்தக் கோபத்துக்கு ஒரு மட்டை கிடைத்தது. மட்டை பிடிக்க வலக்கை மறுத்துவிட்டது. தந்தையாரிடம் தயங்கிச் சொன்னேன். "விளையாட்டு பூசையில்லை, எந்தக் கையாலும் ஆடு" என்றார். விடியலில் பதிகமும் மாலையில் அடியுமாக வளர்ந்தேன். நான் அடித்த பந்து ஒருமுறை எதிராளியின் தொண்டைக்குழியில் பட்டு, அந்த இடம் சிவந்து தடித்தது. அவர் இருமிக்கொண்டு குனிந்ததைக் கண்டு என் உள்ளம் குளிர்ந்தது. இறைவன் பெயரை ஓதிய அதே நாளில்தான் அதுவும் நடந்தது.

நான் வெல்ல முடியாத ஒருவர் இருந்தார். கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவர். பள்ளியின் சிமென்ட் மேடையில் செங்கற்களை வலையாக நிறுத்தி ஆடக் கற்றவர். மேசைக்கு ஆறடி பின்னால் நின்று, நான் அடித்த ஒவ்வொன்றையும் வெட்டிச் சுழற்றி மெல்லத் திருப்பி அனுப்புவார். அந்தப் பொறுமை என்னைக் கொதிக்க வைத்தது.

ஒரு கல்யாண மண்டபத்தில் எங்கள் இருவருக்கும் இறுதிப் போட்டி வைத்தார்கள். வென்றவரை ஓர் அரசு அலுவலகம் தன் அணிக்கு எடுத்து வேலையும் தரும். தோற்றவருக்கு ஓர் எவர்சில்வர் தட்டு. என் பக்கம், என்னோடு படித்த நைனார்பாளையத்து நண்பர்கள் இருபது பேர். அவர் பக்கம் அவருடைய மாமன் ஒருவர் மட்டுமே.

"டேய் பீச்சாங்கை! சோறும் அதுலதான் துன்றியா?" என்று ஓரத்திலிருந்து எவனோ கத்தினான்.

"அவன் கையில துன்னா இன்னா, கால்ல துன்னா இன்னா? அடியைப் பாரு!" என்றான் என் நண்பன்.

ஐந்தாவது ஆட்டம். அக்காலத்தில் இருபத்தொரு புள்ளிகளுக்கு ஆடுவோம். அவருக்கு இருபது, எனக்குப் பத்தொன்பது. என் முழு வலுவையும் திரட்டி அடித்தேன். பந்து மேசையின் ஓரத்தை உரசிக் கீழே பாய்ந்தது. மேல்விளிம்பில் பட்டிருந்தால் புள்ளி எனக்கு. அதற்குக் கீழே பக்கவாட்டில் பட்டிருந்தால் ஆட்டமே அவருக்கு. பட்டது பக்கவாட்டில். நான் தெளிவாகக் கண்டேன்.

"விளிம்பு!" என்று கூவினேன்.

"இல்ல சாமி, பக்கத்துல பட்டுது" என்றார் அவர். வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்த நடுவர் விழித்தார்.

அப்போது என் இடக்கையின் கோபம் தலைக்கு ஏறி யோசனையாயிற்று. ஆட்டத்துக்கு முன் ஏற்றி வணங்கச் சூடம் கொண்டுபோவது என் வழக்கம். "இருவரும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வோம்" என்றேன். "தட்டி அணைத்தால் செல்லாது. அமுக்கி அணைக்க வேண்டும். வலக்கையால்தான் சத்தியம்." ஓதுவார் மகனின் சொல்லை யார் மறுப்பார்? நடுவருக்கும் அது நிம்மதியாயிற்று.

மண்டபத்து வாசற்கல்லில் இரண்டு பெரிய கட்டிகளை ஏற்றினேன். அவர் தயங்கவேயில்லை. மட்டை பிடிக்கும் வலக்கையைத் தீயின்மேல் வைத்து அமுக்கினார். தோல் பொசுங்கும் வாடை வந்தது. பிறகு நான் என் வலக்கையை வைத்தேன், ஆட்டத்துக்கு வேண்டாத கையை. ஆண்டவன் பெயரால் பொய் சொன்னேன்.

இருவரும் சத்தியம் செய்ததால் அந்தப் புள்ளியை மறுபடி ஆடச் சொன்னார் நடுவர். அவர் கைக்கொப்புளத்தில் மட்டை நழுவிற்று. இருபதுக்கு இருபதானால் இரண்டு புள்ளி முந்த வேண்டும்; மூன்றே பந்துகளில் முடித்தேன்.

கைகுலுக்க வந்தவர் என் காதருகே, "பொய் சாமி" என்று மட்டும் சொன்னார்.

மட்டையின் விளிம்பால் அவர் புருவத்தில் வெட்டினேன். எலும்பில் மரம் மோதிய ஓசை கேட்டது. அவர் மேசைமேல் சரிந்தார். இரத்தம் வலையை நனைத்தது. "அடப்பாவி, கொன்னுட்டியே!" என்று பாய்ந்த மாமனை என் நண்பர்கள் இரும்பு நாற்காலியால் அடித்து வீழ்த்தினார்கள். விழுந்தவரை மிதித்தார்கள். நான் தடுக்கவில்லை. இன்னொரு முறை அடிக்க இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

ஓதுவார் மகன் என்று வழக்கில்லாமல் பேசி முடித்தார்கள்; வேலை எனக்கு வந்தது. பதினைந்து ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று அலுவலகத்துக்காக ஆடினேன். கோப்பைகள் வாங்கினேன். தோற்ற ஒருநாள் இரட்டையர் கூட்டாளியின் கன்னத்தில் அறைந்தேன். முழங்கை தேய்ந்ததும் மேசை நாற்காலி வேலைக்கு அனுப்பினார்கள். கோயிலில் தீபாராதனைத் தட்டு வரும்போது எல்லோரும் இரு கைகளாலும் ஒற்றிக்கொள்வார்கள். நான் வலக்கையை மட்டும் நீட்டுவேன். தந்தையார் வளர்த்த ஒழுக்கம் என்று பிறர் மெச்சினார்கள். அந்தச் சுடருக்கு என் இடக்கை அஞ்சியது எனக்குத்தான் தெரியும்.

சென்ற தை மாதம் மூத்தோர் போட்டி ஒன்றைப் பார்க்கப் போன இடத்தில், அரை நூற்றாண்டுக்கு முன் என்னோடு சூடம் அணைத்தவர் வெள்ளிமலைக்கு அப்பால் மரவள்ளி பயிரிட்டு வாழ்வதாகக் கேள்விப்பட்டேன். மறுநாளே பேருந்து ஏறினேன்.

கொல்லையில் மரவள்ளிச் செடிகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். வலப்புருவம் இரண்டாகப் பிளந்து கூடியிருந்தது. என்னைப் பார்த்தும் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"பந்து பக்கத்தில்தான் பட்டது" என்றேன்.

"இதச் சொல்லவா மலையேறி வந்தீங்க?" என் இரு கைகளையும் பார்த்தார். "சூடம் வெச்சிருக்கீங்களா?"

பையில் இருந்தது.

"அன்னிக்கு எந்தக் கையில ஆடுனீங்க?"

இடக்கையை நீட்டினேன்.

"அதால அணைங்க."

"வயசான மனுசன், வுட்டுடு" என்று குரல் கொடுத்தார் அவர் மனைவி.

"நீ சும்மா இரு."

பாறையில் சூடம் எரிந்தது. நான் கையை வைத்தேன். சுட்டதும் இழுத்துக்கொள்ள முயன்றேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, முழு எடையோடு அழுத்தினார். அந்தப் பிடியை ஏழு வயதிலேயே என் கை அறியும். வாய் தானாகப் பதிகத்தைத் தேடிற்று. எழுபது ஆண்டாக நாவில் நின்ற ஒரு சீர்கூட வரவில்லை. "பக்கத்தில்தான் பட்டது, பக்கத்தில்தான் பட்டது" என்றே அலறினேன்.

தீ அணைந்த பிறகும் சிறிது நேரம் பிடித்திருந்தார். பிறகு விட்டார். நடுவரைப் போல நிமிர்ந்து நின்று, மரவள்ளிச் செடிகளைப் பார்த்து உரக்கச் சொன்னார்:

"இருபத்தொண்ணு, பத்தொம்போது."

அவர் மனைவி கொண்டுவந்த சொம்பை வாங்கி, என் கையின்மேல் தண்ணீரை அவரே ஊற்றினார்.