முப்பத்து மூன்றில் பாடியவர்

இரண்டு நாள் மழை ஓய்ந்தபின் அலுமாரியைத் திறந்தால் அந்த மணம் வரும். நனைந்து காய்ந்த அட்டை, பூச்சி உருண்டை, பழைய பசை, இவை எல்லாவற்றுக்கும் அடியில் இலேசாகக் கருகிய வெங்காயம் போல ஏதோ ஒன்று. கண்டியின் ஈரம் எதையும் விட்டுவைக்காது. தோல் சப்பாத்தில் பூஞ்சணம் பூக்கும், பெல்ட்டில் பூக்கும், என் இசைத்தட்டு உறைகளில் பச்சையும் சாம்பலுமாகப் பூக்கும். மனைவி மூக்கைப் பொத்திக்கொள்வாள். நான் ஆழமாக இழுப்பேன். இழுத்த மூச்சோடு ஒரு மனிதர் வருவார். குடையை வாசலில் உதறிவிட்டு, "என்ன ஐசே, உம்மட பாட்டுக்காரர் எல்லாரும் செத்து மணக்கினம்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, ஜன்னலோரக் கதிரையில் அமர்கிற மனிதர்.

எங்கள் வீடு ஹந்தானைச் சரிவில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் கீழே நகரம், மேலே தேயிலை, நடுவில் பெரும்பாலும் மூட்டம். கிழமை நாட்களில் நான் அரசாங்க அலுவலகம் ஒன்றில் சிங்களக் கடிதங்களைத் தமிழாக்குகிறேன். "தங்களது மேற்குறித்த விண்ணப்பம் தொடர்பாக" என்று நாளுக்கு முப்பது தடவை எழுதுகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குச் சொற்கள் வேண்டாம். சொற்களைத் தாண்டி ஒரு தொண்டை, ஒரு கிட்டார், பாதத்தால் பலகையில் தட்டுகிற சத்தம், அவ்வளவும் போதும்.

மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனுக்கு ஜாஸும் புளூஸும் எங்கிருந்து ஒட்டின என்று கேட்பார்கள். நான் வாய் திறக்குமுன் அவர்களே பதிலும் சொல்வார்கள். எங்கள் கொழுந்துக்கும் புளூஸ் பாடிய அமெரிக்கக் கறுப்பர்கள் பறித்த பருத்திக்கும் முடிச்சுப் போட்டு, துயரத்துக்கும் துயரத்துக்கும் உறவு சொல்லி, என்னைக் கண் கலங்க வைக்கப் பார்ப்பார்கள். உண்மை அவ்வளவு கனமானதல்ல. இருபது வயதில் வாவிக் கரை ஹோட்டல் ஒன்றில் மேசை துடைத்தேன். அங்கே வாசித்த ட்ரம்பட்காரர் ஒவ்வொரு பாட்டையும் ஏதோ பகிடி விடுவது போலத் தொடங்குவார், பாட்டின் நடுவில் அழவைப்பார், முடிவில் கண்ணடிப்பார். எனக்குப் பிடித்தது அந்தக் கண்ணடிப்புத்தான். பெண்டாட்டி ஓடிப்போனதையும் கட்டில் கால் முறிந்ததையும் ஒரே தொனியில் பாடக்கூடியவர்களை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

அந்தக் குடைக்கார நண்பரை நான் சந்தித்தது கட்டுகஸ்தோட்டையில், பாலத்துக்குக் கிட்ட, பழைய தளபாடம் விற்கும் கடை ஒன்றில். கடைக்கார முஸ்லிம் நானா அங்கே இசைத்தட்டுகளை மணிக்கூடுகளாக மாற்றிக்கொண்டிருந்தார். நடுவில் காகித முகப்பை ஒட்டி, முள் பூட்டி, சுவரில் வரிசையாக மாட்டியிருந்தார். ஒன்றைக் கழற்றிக் கையில் எடுத்தேன்.

"நானா, இது பாட்டுக் கேக்குற சாமான்."

"பாட்டு எல்லாரிட போன்லயும் ஈக்கிது தம்பி. மணிக்கூடுன்டா கோப்பிக் கடக்காரங்க வந்து அள்ளிட்டுப் போறாங்க. இந்த சின்னதுதான் சரிவரல்ல. நடு ஓட்டை பெருசு, முள்ளு நிக்கிதில்ல."

அவர் எறிந்துவிட நீட்டிய அந்தச் சின்னத் தட்டுக்கு ஒரே நேரத்தில் இரண்டு கைகள் நீண்டன. ஒன்று என்னுடையது. மற்றது கதிரை வாங்க வந்திருந்த ஒரு மெலிந்த பெரியவருடையது, பேராதனை ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்து ஆள்.

"ஐசே, உம்மட்ட பாட்டு மெசின் இருக்கோ?" என்றார்.

"இருக்குங்க சேர்."

"அப்ப நீர் எடும். எனக்குக் காது மட்டும்தான் இருக்கு. ஞாயிற்றுக்கிழமை காதைக் கொண்டுவாறன்."

அப்படியே வந்தார். வருடக்கணக்கில் வந்தார். முதலில் மனைவியோடு, பிறகு தனியாக.

தட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். நானா ஒட்டிய மணிக்கூட்டு முகப்பை உரித்தபோது லேபிளும் சேர்ந்து உரிந்து வந்துவிட்டது. மறுபக்கத்து லேபிளை ஈரம் தின்றிருந்தது, பாட்டையும் கீறல் தின்றிருந்தது. யார் பாடியது, என்ன பாட்டு, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. ஷாம்பு போத்தல் மூடியை வெட்டிப் பெரிய ஓட்டைக்குள் பொருத்தி, முள்ளை இறக்கினேன். கிட்டார் தயங்கித் தயங்கி வந்தது. பின் ஒரு ஆணின் குரல், கிணற்றின் அடியிலிருந்து வாளியை இழுப்பது போல, ஒவ்வொரு சொல்லையும் பாரத்தோடு மேலே இழுத்தது. சொற்கள் விளங்கவில்லை. இப்படிப் பாடுகிறவன் யாரையோ புதைத்துவிட்டு வந்திருக்கவேண்டும் என்று மட்டும் விளங்கியது. நாங்கள் அவருக்கு 'அந்தாள்' என்று பெயர் வைத்தோம். என்னுடைய இருநூற்றுச் சொச்சம் தட்டுகளில் அந்தாளுக்குத்தான் முதல் மரியாதை.

ஐந்து வருடங்களுக்கு முன் நண்பரின் மனைவி இறந்தார். சடங்கெல்லாம் முடிந்து முதல் ஞாயிறு அவர் தனியாக வந்தார். பகிடி இல்லை, குடையை உதறவும் இல்லை. "அந்தாளைப் போடும்" என்றார். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். அன்று போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "எனக்கு அழுகை வருகுதில்லை ஐசே. பறுவாயில்லை. எனக்காக அந்தாள் அழுறார்."

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்தாளில்தான் முடியும். மெல்ல மெல்லப் பகிடியும் திரும்பி வந்தது.

போன வருடம் அவருடைய மகள் கனடாவுக்குக் கூப்பிட்டாள். வியாழக்கிழமை விமானம். கடைசி ஞாயிறுக்கு முதல் நாள், எல்லாம் சரியாக இருக்கவேண்டும் என்று நான் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன், மனைவி மெசினைத் தூசு தட்டிவிட்டுக் குசினிக்குப் போனாள். அந்தாளை ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம் என்று முள்ளை இறக்கினேன்.

ஒரு பெண் பாய்ந்து வந்தாள்.

கிட்டார் துள்ளியது. அவள் குரல் இடுப்பில் கை வைத்து நின்றது. இப்போது ஆங்கிலச் சொற்கள் எல்லாம் பளிச்சென்று விளங்கின: பானையில் இருந்ததையெல்லாம் தின்றுவிட்டு, சப்பாத்துக் காலோடு கட்டிலில் கிடக்கிற புருசனை எழும்பச் சொல்லித் திட்டுகிறாள். இரண்டு வரிக்கு ஒருமுறை அவளே சிரிக்கிறாள்.

மனைவி அகப்பையோடு ஓடிவந்தாள். "யாருங்க இந்த அக்கா? யாரப் போட்டு இந்தக் கிழி கிழிக்கிறாங்க?"

 மெசினைப் பார்த்தேன். தூசு தட்டியதில் வேகத்தை மாற்றும் பிடி நாற்பத்தைந்துக்குத் தள்ளப்பட்டிருந்தது. பெரிய தட்டு நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்று, சின்னத் தட்டு நாற்பத்தைந்து. இசைத்தட்டுச் சேர்க்கிற எவனுக்கும் இது அரிச்சுவடி. ஆனால் என்னுடைய முதல் மெசினில் அந்தப் பிடி துருப்பிடித்து முப்பத்து மூன்றிலேயே இறுகிப்போயிருந்தது. என்னிடம் இருந்த சின்னத் தட்டும் அது ஒன்றுதான். மெசின் மாறியது, பழக்கம் மாறவில்லை. காதுக்குப் பெருமை பேசித் திரிந்தவன் ஒரு பெண்ணை மெதுவாகச் சுற்றி ஆணாக்கி, அவள் கோபத்தை இழுத்து நீட்டித் துக்கமாக்கி, வருடக்கணக்கில் உருகியிருக்கிறேன்.

பிடியை முப்பத்து மூன்றுக்குத் தள்ளினேன். அந்தாள் வந்தார். நாற்பத்தைந்து. அக்கா வந்தாள்.

மனைவி நிலத்தில் உட்கார்ந்து சிரித்தாள். "இத்தன நாளா அந்தக்காவ கெழவனாக்கி வெச்சிருக்கீங்களே, பாவம்! அவங்க கேட்டா உங்களையும் சேத்துப் பாடுவாங்க." பிறகு சிரிப்பு நின்றது. "ஐயோ. சேருக்கு என்னங்க சொல்லப் போறீங்க?"

"ஒண்ணும் சொல்லப் போறதில்ல."

"அதான் சரி. போற நேரத்துல அந்த மனுசன்கிட்ட இருந்து எதுக்கு அதப் பிடுங்கணும்?"

ஞாயிறு அவர் வந்தார். குடையை உதறினார். "அங்க பனி வழிக்க ஆள் இல்லையாம் ஐசே, மகள் அள்ளுற சவளோட நிக்கிறாள். அறுபத்தெட்டு வயசில எனக்குப் புது உத்தியோகம்." மனைவி வடையும் பிளேன் டீயும் வைத்தாள். ட்ரம்பட், பியானோ, மறுபடி ட்ரம்பட் என்று பின்னேரம் வழுக்கிக்கொண்டு போனது. கடைசியில் அந்தாள். பிடியை மூன்று தடவை சரிபார்த்து முப்பத்து மூன்றில் போட்டேன். அவர் கண்ணை மூடினார். நான் அந்தக் குரலில் அக்காவைத் தேடாமல் இருக்கப் பாடுபட்டேன்.

முடிந்தது. அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "ஒண்டு கேட்டாக் குறை நினைக்கமாட்டீரே? மகள் எனக்கெண்டு புது மெசின் வாங்கி வைச்சிருக்கிறாள். அந்தாளை நான் கொண்டுபோகட்டோ?"

என்னால் இருக்க முடியவில்லை. எழும்பி ஜன்னலுக்குப் போனேன், அலுமாரிக்குப் போனேன், திரும்பவும் ஜன்னலுக்கு வந்தேன். மூட்டத்தில் நகரம் தெரியவில்லை, வேறொரு வீடு தெரிந்தது. வெளியே பனி. மகள் வேலைக்குப் போயிருக்கிறாள். இவர் புது மெசினுக்கு முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். சின்னத் தட்டு என்று கண்டு, மகள் சரியான வேகத்தில்தான் வைத்துவிட்டுப் போயிருப்பாள். முள் இறங்குகிறது. அந்தாள் வரவில்லை. அந்த அறையில் அதைப் பகிர ஒருவரும் இல்லை.

"என்ன ஐசே, தர மனமில்லையெண்டால் சொல்லும். ஏன் ஒரு கூட்டுக்கோழி மாதிரி நடக்கிறீர்?"

"தாறேன் சேர். ஆனா அதுக்கு முன்னால நீங்க ஒண்ணு கேக்கணும்." வாசலில் நின்ற மனைவி தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. "சேர், அது அந்தாள் இல்ல."

"வேற ஆரு?"

மெசினுக்குப் போனேன். பிடியை நாற்பத்தைந்துக்குத் தள்ளி முள்ளை வைத்தேன்.

அக்கா பாய்ந்து வந்தாள். அவர் முகம் கல்லாக இருந்தது. பானை காலியானது, சப்பாத்துக் கட்டிலில் ஏறியது, அவள் திட்டினாள், சிரித்தாள், மறுபடி திட்டினாள். அவர் அசையவில்லை. நான் தொலைந்தேன் என்று நினைத்தேன். பாட்டு முடியப்போகிற நேரம் அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறார் என்று மனைவி ஓர் அடி முன்னே வந்தாள். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலும் தண்ணீர் ஓடியது, சட்டைப் பையில் கைலேஞ்சியைத் தேடிக்கொண்டே சிரித்தார்.

"மோடன் ஐசே நீர். உம்மோட இருந்து கேட்ட நான் பெரிய மோடன்."

"மன்னிச்சிருங்க சேர்."

"என்னத்துக்கு மன்னிப்பு? போடும், திருப்பிப் போடும்." மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை முடிந்தபின் கைலேஞ்சியை மடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்: "என்ர மனுசியும் உப்பிடித்தான். நான் சப்பாத்தோட கட்டிலில ஏறினால் அவவின்ர சத்தம் ஊருக்கே கேக்கும். அவ போனதுக்குப் பிறகு எல்லாரும் என்னட்ட மெல்லமாத்தான் கதைக்கினம். மகளும் அப்பிடித்தான், ஏதோ நான் கண்ணாடிக் கிளாஸ் மாதிரி. நாலு வருசமா என்னை ஒருத்தரும் ஏசேல்லை, ஐசே."

அறையில் முள் மட்டும் உரசிக்கொண்டிருந்தது. நான் எடுக்க மறந்துவிட்டேன்.

"அப்ப, அந்தாள்?" என்றார் கொஞ்சம் பயந்தவர் போல.

"அவரும் இருக்காரு சேர். பிடியத் தள்ளினா வந்துருவாரு."

"அப்ப சரி. ஒரு தட்டுக்குள்ள புருசனும் பெண்சாதியும். நல்ல குடும்பம்."

வியாழக்கிழமை காலை நானும் மனைவியும் கட்டுகஸ்தோட்டையில் அவர் வீட்டுக்குப் போனோம். வீட்டு வாசலில் வேன் நின்றது. நண்பர் இசைத்தட்டை மடித்த இரண்டு சாரங்களுக்கு நடுவில் வைத்து, கைப்பையில் போட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். விடியற்காலைக் குளிரில் ஒரு மெல்லிய அரைக்கைச் சட்டை. நான் சொல்ல வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. அலுவலகக் கடிதத்தின் முதல் வரிதான் நாக்குக்கு வந்தது.

மனைவி என்னைத் தள்ளிக்கொண்டு வேன் ஜன்னலுக்குப் போனாள். வழமையாகச் சேரோடு மரியாதையாக இரண்டு சொல் பேசுகிறவள்.

"என்ன சேர் இது? கனடாவுக்குப் போறவரு போட்டுக்கிற சட்டையா இது? சுவெட்டர எங்க? பெட்டிக்குள்ளயா? பெட்டிக்கா குளிருது? வயசு ஏறினா மட்டும் போதுமா, கொஞ்சம் புத்தி வேணாமா? அங்க போயி நேரத்துக்குச் சாப்பிடாம, தொப்பி போடாம பனியில திரிஞ்சீங்கன்னு கேள்விப்பட்டேன், அப்பறம் பாருங்க!"

சாரதி ஸ்டியரிங்கிலிருந்து திரும்பிப் பார்த்தான். நண்பர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னல் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினார்.

"நிப்பாட்டாதையும் பிள்ளை, ஏசும். வேன் இன்னும் வெளிக்கிடேல்லை."