ஹமீதா அக்கா திருத்திய பூஜ்யங்கள்

மேலப்பாளையத்திலிருந்து ஹமீதா அக்காவின் தம்பி துக்கச் செய்தி சொல்ல ஆய்வகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். "அக்கா மௌத்தாயிட்டாவ. ஒங்ககிட்ட மொதல்ல சொல்லணும்னு தோணிச்சு" என்றார். தண்ணீர்ப் பரிசோதனை மேசையில் பல ஆண்டுகள் அக்காவுக்குப் பக்கத்தில் நின்றவள் நான். ஆய்வகத்தில் அவரை அறிந்த நீங்கள் அவருடைய கண்டிப்பைச் சொல்வீர்கள். எனக்கு அவர் சுமந்த குற்றவுணர்வுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். தாமிரபரணியின் வடகரையில் ஒரு சிற்றூர். அங்கே குடிதண்ணீர்க் கிணற்றை ஒட்டி, பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் கொட்டகை ஒன்று வந்தது. ஊர்க்காரர்கள் பயந்துபோய் மாதந்தோறும் கிணற்றுத் தண்ணீரை எங்களிடம் கொண்டுவந்தார்கள். எங்கள் கருவி பழையது. அனுமதித்த அளவுக்குச் சற்றுக் கீழே வரைதான் அதற்கு ஈயம் தெரியும். அதற்கும் குறைந்தால் தெரியாது. தெரியாத மாதங்களுக்கெல்லாம் பூஜ்யம் போட்டுச் சராசரி எடுத்தோம். அன்று எங்களுக்குத் தெரிந்த வழக்கம் அதுதான். சில மாதங்களில் ஈயம் கூடியிருந்தும் சராசரி அனுமதித்த அளவுக்குள் நின்றது. குடிக்கலாம் என்று எழுதிக் கொடுத்தோம்.

பிறகு ஒரு பயிற்சிக்காக அக்கா மதுரை போய்வந்தார். கருவி காட்டிய அளவுகள் எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்று பார்த்து, அது காட்டாதவை எங்கே இருக்கக்கூடும் என மதிப்பிடும் முறையை அங்கே கற்றிருந்தார். அந்தக் கிணற்றுக்குக் கணக்கை மறுபடி போட்டார். சராசரி அனுமதித்த அளவைத் தாண்டிவிட்டது.

"எல்லா எடத்திலயும் பூஜ்யந்தானக்கா போடுதாங்க" என்றேன்.

"அந்தத் தண்ணிய எல்லா எடத்திலயுமா குடிச்சாங்க, ஏட்டி? அங்கன உள்ளவங்கதான குடிச்சாங்க."

திருத்திய அறிக்கையைத் தபாலில் அனுப்பினால் போதும் என்றார் மேலதிகாரி. அக்கா கேட்கவில்லை. இருவரும் பேருந்தில் போனோம். பள்ளிக்கூட வராந்தாவில் ஊர் கூடியிருந்தது. நாங்கள் எழுதிக் கொடுத்தது தப்பு என்று அக்கா சொன்னதும் பேச்சியம்மாள் என்பவள் எழுந்தாள். நான்கு வயதாகியும் அவள் மகளுக்குப் பேச்சு வரவில்லை.

"அப்ப எம் புள்ள இப்படி இருக்கது இந்தத் தண்ணியாலயா?"

"தெரியலம்மா" என்றார் அக்கா. "தெரியலங்கிறத 'இல்ல'ன்னு நான் எழுதிட்டேன்."

நானும்தான் என்றேன். பேச்சியம்மாள் எங்கள் இருவரையும் பார்த்தாள். "நான்தான தெனமும் கோரிக் குடுத்தேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

கிணற்றை மூடினார்கள். ஊர் விடாப்பிடியாக நின்று கொட்டகையை எடுக்க வைத்தது. அந்தப் பிள்ளையை அக்கா பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். ரத்தத்தில் ஈயம் இருந்தது. பேச்சு வராததற்கு அதுதான் காரணமா என்பதை மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்தப் பதில் அக்காவை விடவே இல்லை. ஒவ்வொரு பெருநாளுக்கும் அந்த வீட்டுக்குப் போனார். பிள்ளை பையப் பையப் பேசத் தொடங்கிய பிறகும் போனார். "பேச்சி என்னய மன்னிச்சிட்டா. அதத்தான் என்னால தாங்க முடியல" என்று ஒருமுறை சொன்னார்.

துக்க வீட்டுக்குப் பேச்சியம்மாள் மகளோடு வந்திருந்தாள். அந்தப் பெண் என்னைத் தேடி வந்து, திக்கித் திக்கிக் கேட்டாள்: "இனி நீங்க வருவீங்களா?"

வருகிறேன் என்றேன். அங்கே போய் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா எனக்கென்று விட்டுப்போனது அந்த வீட்டு வாசலைத்தான். பெருநாளுக்குப் போவேன்.