புளியங்கொட்டைத் தேர்தல்

1. டிப்ளமோ முடித்திருந்த நான், ராஜபாளையத்தில் ஒரு டியூஷன் சென்டரில் குடிமையியல் நடத்தியபோது, மாணவர் தலைவர் தேர்தல் வைத்தேன். சென்டர் உரிமையாளரின் மகனும் செட்டியார்பட்டி பாத்திமாவும் போட்டியிட்டார்கள்.

2. முதலில் கை தூக்கச் சொன்னேன். ஒருவர் கையை ஒருவர் பார்த்து, எல்லோரும் உரிமையாளரின் மகனுக்கே தூக்கினார்கள்.

3. பிறகு மகனுக்குப் புளியங்கொட்டை, பாத்திமாவுக்கு வேப்பங்கொட்டை என்று வைத்து, பானையில் மறைவாகப் போடச் சொன்னேன். பாத்திமா ஜெயித்தாள்.

பலர் பார்க்கும்போது மனிதன் தன் மனதை மறைக்கிறான். இந்த உளவியல் பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. ஜனநாயகம் பற்றிய பத்து மார்க் பதிலை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் உரிமையாளருக்குத்தான் புரியவில்லை. முடிவைக் கேட்டதும் வகுப்புக்குள் வந்து கத்தினார்.

"ஏலே, எவம்லே பாத்திமாவுக்குப் போட்டது? கையத் தூக்குங்க! அம்புட்டுப் பேரும் நாளையிலருந்து வரக் கூடாது!"

ரகசிய வாக்கெடுப்பை விசாரிக்க அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

பாத்திமா தலை குனிந்தாள். கடைசி பெஞ்சில் ஒரு கை மட்டும் உயர்ந்தது. அவர் மகன்.

"நாந்தாம்ப்பா. எனக்கு அந்த வேலையெல்லாம் ஏலாது. அவதான் சரியாச் செய்வா."

மகனை நிறுத்த முடியாது. அதனால் என்னை நிறுத்தினார். நான் கிளம்பும்போது, "பாடத்த மட்டும் நடத்தியிருக்கலாம்லா, டீச்சர்?" என்று அறிவுரை வேறு. பாடத்தைத்தான் நடத்தினேன் என்று அவரிடம் சொல்வது வீண்.

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்தமாக டியூஷன் நடத்துகிறேன். பாத்திமா பஸ்ஸில் வருகிறாள். அவர் மகனும் வருகிறான்.