குகனுக்கு விழாத இரண்டு வாக்குகள்

போன கிழமை மகள் பெர்னிலிருந்து தொலைபேசி எடுத்தாள். பல்கலைக்கழகத்தில் ஏதோ கட்டுரை எழுத வேண்டுமாம். விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்துக்காரர் ஒருவரைப் பற்றி. மின்சாரப் பொறியியலாளர். கம்பியும் டைனமோவுமாகத் திரிந்தவர், நடுவயதில் தேர்தலில் நின்று பாராளுமன்றத்துக்குப் போய்விட்டாராம்.

"அப்பா, கரண்ட் வேலை செய்த ஆளுக்கு ஏன் அரசியல் ஆசை வந்தது? உங்கடை தொழில்தானே, சொல்லுங்கோ" என்றாள். படத்தையும் அனுப்பினாள். தாடி, நீளக் கோட்டு, கையில் தொப்பி. செத்து எத்தனையோ காலமாகிவிட்ட அந்த மனிதரைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. என்ன மனுசனடா நீ என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்தேன், எரிச்சல் அடங்கவில்லை.

"எனக்குத் தெரியாது பிள்ளை" என்று சொல்லி வைத்துவிட்டேன். தெரியாமல் என்ன? அப்படி ஒருவனோடு ஒன்பது வருடம் ஒரே மேசையில் வேலை செய்தவன் நான்.

டைனமோ என்றால் எனக்கு வார்னிஷ் மணம்தான். சுவிஸில் லாங்கன்தாலுக்குப் பக்கத்தில், நாங்கள் குடியிருந்த சிறிய ஊரில், எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதிதாகக் கம்பி சுற்றிக் கொடுக்கும் பட்டறை ஒன்று இருந்தது. சுற்றி முடித்ததை வார்னிஷில் தோய்த்து அடுப்பில் வேகவைப்பார்கள். அந்த மணம் சட்டையில், தலைமயிரில், சோற்றுப் பெட்டியில் எல்லாம் ஏறும். என் மனைவி வசந்தி, "ஜாக்கெட்டை வெளியில கொழுவிப்போட்டு உள்ள வாங்கோ" என்பாள். பனிக்காலத்திலும் அதே சட்டம்தான்.

குகனும் நானும் யாழ்ப்பாணத்தில் ஒன்றாக எலெக்ட்ரிக்கல் படித்தவர்கள். நான் கீறிய படங்களைப் பார்த்து அவன் கீறுவான், அவன் செய்த கணக்குகளைப் பார்த்து நான் எழுதுவேன். பிறகு ஆளுக்கொரு பாதையால் ஓடி, துன் நகரத்து ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவும் இடத்தில் திரும்பச் சந்தித்தோம். நுரைக்குள்ளிருந்து ஒரு குரல் "டேய்!" என்றது. பார்த்தால் இவன். பட்டறை வேலைக்கும் சேர்ந்தே போனோம்.

ஒன்று சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது. கம்பி சுற்றுவதில் அவன் என்னைவிடக் குறைவு. என் சுற்று இழை இழையாக, மயிரிழை இடைவெளி இல்லாமல் இருக்கும். மேலாளரே சொல்லியிருக்கிறார். குகனின் கை ஓடும்போது வாயும் ஓடும். வாய் ஓடினால் சுற்று பிசகத்தானே செய்யும்?

அந்த வாயோடுதான் ஊரின் தீயணைப்புப் படையில் சேர்ந்தான். சம்பளத்துக்கு இல்லை. இங்கே சின்ன ஊர்களில் ஊரவர்களே தீயணைப்புக்காரர்கள். தலைக்கவசத்தோடு படம் எடுத்துக்கொண்டு வந்தான். "வெள்ளைக்காரன்ரை வைக்கோல் எரிஞ்சா உனக்கென்னடா? விசரே உனக்கு?" என்று நான் சிரித்தேன். "நீயும் வாவன் மச்சான், நல்ல பகிடியாயிருக்கும்" என்றான். நான் போகவில்லை. குடியுரிமை எடுத்த பிறகு வருடத்தில் இரண்டு தரம் நடக்கும் ஊர்க்கூட்டத்துக்கும் கூப்பிட்டான். ஒருமுறை போனேன். கழிவுநீர்க் குழாய் பற்றி இரண்டு மணிநேரம் கதைத்தார்கள். நன்றாக நித்திரை கொண்டேன்.

வசந்தி அப்போது தொழிற்சாலை ஒன்றில் துப்புரவு வேலை செய்தாள். ஆற்றோரப் பாதையால் நடந்து வரவேண்டும். குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே கும்மிருட்டு. "மூண்டு கம்பமும் ஒரு கேபிளும் போதும் மச்சான், அரைநாள் வேலை" என்று பட்டறையில் சாப்பிடும்போது குகனிடம் சொல்லிக் குறைப்பட்டேன். சொன்னதோடு மறந்தும்விட்டேன். அடுத்த ஊர்க்கூட்டத்தில் அவன் எழும்பி, தன் உடைந்த ஜேர்மனில், மூன்று கம்பமும் ஒரு கேபிளும் என்று அப்படியே சொன்னானாம். மண்டபம் முழுக்கக் கை உயர்ந்ததாம்.

விளக்கு எரிந்த முதல் நாள் வசந்தி வீட்டுக்குள் வந்ததும் வராததுமாக, "குகன் அண்ணை கெட்டிக்காரன்" என்றாள்.

"அதை முதல் சொன்னது நான்!"

"நீங்கள் அவருக்குச் சொன்னியள். அவர் ஊருக்குச் சொன்னவர்."

அன்றைக்குப் பிடித்தது எனக்கு இந்த வயிற்றெரிச்சல். அந்த மூன்று விளக்கையும் கல்லெறிந்து உடைக்கலாமா என்றுகூட யோசித்திருக்கிறேன். கம்பி சுற்றுகிறவன் விளக்கை உடைத்தால் ஊர் சிரிக்கும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு அவன் ஊர்ச்சபைத் தேர்தலில் நின்றான். பேருந்துத் தரிப்பிடத்தில் அவனுடைய முகம், கழுத்தில் டை, கீழே அவனுடைய தொழில். என்னுடைய தொழிலும் அதுதானே! பல் முழுவதும் தெரிய அவனை வாழ்த்தினேன். இந்த நாட்டு வாக்குச்சீட்டில் ஒரு வசதி உண்டு. வெறுஞ்சீட்டில் விருப்பமானவர்களின் பெயரை நாங்களே எழுதலாம். ஒருவரை மிகவும் பிடித்தால் இரண்டு தரம் எழுதலாம், இரண்டு வாக்கு. நான் குகனின் பெயரை ஒரே ஒரு தரம் எழுதினேன். என்னுடைய பெருந்தன்மை அவ்வளவுதான்.

வாக்கு எண்ண ஊரவர்களையே கடிதம் போட்டுக் கூப்பிடுவார்கள், தட்ட முடியாது. அந்த முறை எனக்கு வந்தது. ஞாயிறு காலை, பள்ளிக்கூட மண்டபம். எங்கள் மேசைக்குப் பொறுப்பு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். அவர் ஒரு சீட்டை எடுத்துப் புருவத்தைச் சுருக்கினார். பிறகு முகம் மலர்ந்து என் பக்கம் தள்ளினார். நல்லவேளை நீங்கள் இருக்கிறீர்கள், இது உங்கள் மொழி எழுத்தா, யாருடைய பெயர் என்று விளங்கினால் எண்ணலாம் என்றார்.

தமிழில் எழுதியிருந்தது. குகன். கீழே இன்னொரு தரம், குகன். அந்தக் குண்டு 'கு'வை எனக்குத் தெரியும். எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் பால், வெங்காயம், குரக்கன் மா என்று ஒட்டியிருக்கும் துண்டுகளில் தினமும் பார்ப்பது. வசந்தி.

இரண்டு தரம் எழுதியிருக்கிறாள்!

"பெயர் இல்லை" என்றேன் ஆசிரியையிடம். "கடவுள் வாழ்த்து மாதிரி ஒன்று."

அவர் தலையாட்டி, இரண்டு வரியையும் பென்சிலால் கோடிழுத்து விட்டார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நம்பினார்.

குகன் தோற்றான். இரண்டு வாக்கால் அல்ல, கனக்க வித்தியாசம். என் பொய் இல்லாமலே தோற்றிருப்பான். சும்மா சொன்ன பொய்.

அன்று பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்தான். டை இல்லை. வசந்தி தேத்தண்ணீரும் ரோல்ஸும் வைத்தாள். அவன் ரோல்ஸைத் தொடவில்லை.

"தோத்ததுக்குக் கவலையில்லை மச்சான்" என்றான். "எங்கடை ஆக்கள் ஒருத்தராவது எனக்கு இரண்டு தரம் எழுதியிருப்பினமோ எண்டுதான் யோசிக்கிறன்."

"நான் எழுதினனான் அண்ணை" என்றாள் வசந்தி. "தமிழிலதான் எழுதினனான். ஜேர்மனில எழுதி உங்கடை பேரில பிழைவிடக் கூடாது எண்டு. ஆனா இவர் அங்கை இருக்கிறார்தானே, வாசிச்சுச் சொல்லுவார் எண்டு தெரியும்."

குகன் சிரித்தான். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தான். நான் தேத்தண்ணீரைப் பார்த்தேன். எண்ணும் மேசையில் கண்டதை வெளியில் சொல்லக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதைச் சொல்லியாவது தப்பியிருக்கலாம். கோப்பையை ஊதிக்கொண்டிருந்தேன். அவனுடைய சிரிப்பு மெல்ல நின்றது.

"சரி, நான் வாறன்" என்று எழும்பினான். தேத்தண்ணீர் பாதி இருந்தது. வசந்தி அதை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினாள். இன்றுவரை அவள் அதைப்பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பட்டறை இப்போது இல்லை, அந்த இடத்தில் மாடிவீடுகள். எரிந்த மோட்டாரை யாரும் திருத்துவதில்லை, புதிது வாங்குகிறார்கள். குகன் துன் பக்கம் வேலை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கோயில் திருவிழாக்களில் காண்பேன். முகம் திருப்பமாட்டான், அவன் அப்படிப்பட்டவன் இல்லை. கிட்ட வந்து, கையைப் பிடித்து, "எப்பிடி இருக்கிறியள்? பிள்ளை படிக்கிறாவோ?" என்று மரியாதையாகக் கேட்பான். நானும், "ஓம், நீங்கள் எப்பிடி?" என்பேன்.

என்னை "டேய்" என்று கூப்பிட இந்த நாட்டில் இப்போது ஒருவரும் இல்லை.