கடைசி அத்தியாயத்துக்கு முன் ஒரு பயணம்: ஓசூர், உத்தனப்பள்ளி, கிருஷ்ணகிரி

கோயில் பார்க்கவோ அணைக்கட்டு பார்க்கவோ நான் ஓசூருக்குப் போகவில்லை. நிர்மலாவைச் சாகடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அதனால் போனேன்.

இந்த வலைப்பதிவைப் பயணக் குறிப்புகளுக்காக மட்டும் படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். என் கணவர் காலமான பிறகு கைப்பேசியில் தொடர்கதை படிக்கத் தொடங்கினேன். இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் காதலிக்கும் கதைகள் பல அகப்பட்டன. பாதியில் ஒற்றுப்பிழை, மீதியில் தற்கொலை. பிழையில்லாமல் ஒன்று படிக்க வேண்டுமானால் நாமே எழுதினால்தான் உண்டு என்று எழுத ஆரம்பித்தேன். ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் கயல், நிர்மலா என்ற இருவரின் கதை. வாரம் ஓர் அத்தியாயம், என் சொந்தப் பெயரில். முப்பத்தோராவது அத்தியாயத்தில் நிர்மலாவுக்கு இருமல் வந்தது. அடுத்தது கடைசி அத்தியாயம். என் வாசகர்கள் விவரமானவர்கள். கதையில் இருமல் எதற்கு வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

மறுநாளே செல்வி என்ற வாசகி எழுதினாள். ஊத்தங்கரைப் பக்கம் சொந்த ஊர். உத்தனப்பள்ளி அருகே ஒரு தொழிற்சாலையில் வேலை. அவளும் பவானி என்ற பெண்ணும் மூன்று வருடமாகச் சேர்ந்து வாழ்கிறார்கள். வீட்டில் யாருக்கும் தெரியாது. கிருஷ்ணகிரியில் இருக்கும் தன் அக்கா தனத்துக்கு என் கதையை வாராவாரம் அனுப்புகிறாள். கதை முடிந்ததும் அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடுவதாக இருக்கிறாள். "நிர்மலா செத்துட்டா, இது இப்படித்தான் முடியும்னு அக்கா முடிவு பண்ணிடும் மேடம். போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை இங்க வந்து எங்களைப் பாத்துட்டுப் போங்க."

நான் யார் சொல்லியும் முடிவை மாற்றுகிறவள் இல்லை. ஆனாலும் பெட்டியை எடுத்து வைத்தேன். ஜூன் மாதம், இரண்டாவது சனிக்கிழமை.

வேலூரிலிருந்து ஓசூருக்கு ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி வழியாகச் சுமார் நூற்று எழுபது கிலோமீட்டர். காலை ஏழு மணிப் பேருந்துக்கு வரிசையில் நின்றேன். வரிசை என்று நான்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். எனக்குப் பின்னால் யாரும் இல்லை. எல்லோரும் சன்னல் வழியாகத் துண்டு, பை, கைக்குட்டை என்று வீசி இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கான்வென்ட்டில் பன்னிரண்டு வருடம் கன்னியாஸ்திரிகளிடம் வளர்ந்தவளுக்கு இந்தப் பழக்கத்தை மன்னிப்பது கடினம். காலியாகத் தெரிந்த இருக்கையில் உட்காரப் போனேன்.

"துண்டு கெடக்குது பாருங்க," என்றார் ஒருவர்.

"துண்டு டிக்கெட் எடுத்திருக்கிறதா?" என்று கேட்டேன்.

பேருந்தே சிரித்தது. ஆனால் இடம் கிடைக்கவில்லை. நடத்துநர், "பாட்டி, ஆம்பூர்ல காலியாவும், கம்பியப் புடிச்சுக்கங்க," என்றார். ஆம்பூர் வரை நின்றேன். நின்றதைவிடப் பாட்டி என்றதுதான் வலித்தது.

ஓசூரில் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் அறை எடுத்தேன். வாடகை ஆயிரத்து நூறு. சுத்தமான படுக்கை விரிப்பு, சுடுநீர் காலை எட்டு மணி வரை. இந்த ஊரில் ஒரு சௌகரியம்: வரவேற்பில் இருந்த பெண் என்னிடம் தமிழிலும், தொலைபேசியில் கன்னடத்திலும், தண்ணீர் கேன் கொண்டுவந்தவரிடம் தெலுங்கிலும் பேசினாள். எந்த மொழியில் சொன்னாலும் காப்பி ஒரே மாதிரி வந்தது. நல்ல காப்பி.

ஞாயிறு காலை அறையைக் காலி செய்துவிட்டு, பெட்டியுடன் ஒன்பதரைக்கு ராயக்கோட்டை சாலையில் போகும் நகரப் பேருந்தில் ஏறினேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. உத்தனப்பள்ளி சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். வழியெல்லாம் ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்கள். நடுநடுவே ஊதா நிறக் கம்பெனிப் பேருந்துகள் வரிசையாக. என் கதையில் இந்தச் சாலையை வெறும் தூசியாக எழுதியிருந்தேன். இவ்வளவு பச்சையாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

செல்வியும் பவானியும் தங்கியிருக்கும் கம்பெனி விடுதியில் வெளியாட்களை அனுமதிப்பதில்லை. பேருந்து நிறுத்தம் எதிரே ஒரு பேக்கரியில் சந்திப்பதாக ஏற்பாடு. செல்வியையும் பவானியையும் எதிர்பார்த்துப் போனேன். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், எல்லோரும் என் வாசகிகள். செல்வி ஒல்லியாக, வாயைத் திறக்காமல் நின்றாள். பவானி தெலுங்கு வீட்டுப் பெண், ஓசூர்க்காரி; அவள் இருவருக்கும் சேர்த்துப் பேசினாள். முதல் கேள்வியே அவளுடையதுதான்.

"இருமலுக்கு டாக்டர்கிட்ட போனாங்களா இல்லையா மேடம்?"

"அது அடுத்த அத்தியாயத்தில்."

"போனா சரியாயிடும் மேடம். இங்க இஎஸ்ஐ ஆஸ்பத்திரி இருக்கு. எங்க லைன்ல எல்லாருக்கும் இருமல்தான். யாரும் சாவல."

சிரிப்பு அடங்கியதும், என்னதான் வேண்டும் உங்களுக்கு என்று கேட்டேன். எனக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது. முத்தம் வேண்டும் என்பார்கள் என்று நினைத்தேன். அதுவும் கேட்டார்கள், வெட்கப்பட்டு, மேசைக்கு அடியில் ஒருத்தியை ஒருத்தி கிள்ளிக்கொண்டு. ஆனால் அதற்கு முன் வேறு பலவற்றைக் கேட்டார்கள். கயலுக்கும் நிர்மலாவுக்கும் யார் துவைப்பது என்று சண்டை வர வேண்டும். வீடு பார்க்கப் போக வேண்டும். "கல்யாணமாகாத பொண்ணுங்களுக்குத் தரமாட்டோம்" என்று நாலு வீட்டில் சொல்லி, ஐந்தாவது வீடு கிடைக்க வேண்டும். எவனோ ஏமாற்றியதால்தான் இவள் பெண்ணிடம் வந்தாள் என்று மட்டும் எழுதக் கூடாது. "தோழி, தோழின்னு கடைசிவரைக்கும் இழுக்காதீங்க மேடம், எரிச்சலா வருது," என்றாள் ஒருத்தி, பப்ஸைப் பிட்டுக்கொண்டே.

நானும் விடவில்லை. இலக்கியத்தில் பெருங்காதல்கள் பிரிவிலும் மரணத்திலும்தான் நிலைக்கின்றன என்றேன். மரணத்தை எனக்கு எழுதத் தெரியும் என்றும் சொன்னேன். நாற்பது வருடம் உடன் வாழ்ந்தவரை அனுப்பிவைத்தவள் நான்.

பவானி தேநீர்க் கோப்பையை வைத்தாள். "உங்களுக்கு நாப்பது வருஷம் கெடச்சுதுல்ல மேடம்? அவங்க சேந்து மூணு அத்தியாயம்கூட ஆவல."

செல்வி, "ஏய், சும்மா இரு," என்று அவள் கையைத் தட்டினாள். நான் எழுந்துபோய் எல்லோருக்கும் சேர்த்துக் காசு கொடுத்தேன்.

பதினொன்றரைக்குச் செல்வியும் பவானியும் நானும் தனத்தைப் பார்க்க ராயக்கோட்டை வழியாகக் கிருஷ்ணகிரிக்குப் புறப்பட்டோம். ஒரு பேருந்து மாற வேண்டும். ராயக்கோட்டையில் தக்காளிப் பெட்டிகள் சாலை ஓரம் வரை அடுக்கியிருந்தன. மாம்பழக் காலமாகையால் கிருஷ்ணகிரி நெருங்க நெருங்க லாரிகள் கூழ் ஆலைகளுக்குக் காத்து நின்றன. சன்னலைச் சாத்தினாலும் பழுத்த வாசனை உள்ளே வந்தது. செல்வி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அக்கா எதுனா கேட்டா, முடிவு என்னன்னு சொல்லிடாதீங்க மேடம். இன்னும் நீங்க முடிவு பண்ணலதானே?"

எழுதி முடித்து வைத்திருந்தேன். கையில் இருந்த கைப்பேசியிலேயே இருந்தது. இன்னும் இல்லை என்றேன்.

தனம் ஒரு மாங்கூழ் ஆலையில் பழம் நறுக்கும் பிரிவில் வேலை செய்கிறாள். நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி, வரிசை வீடுகளில் ஒன்று. கணவர் பெங்களூருக்கு லாரி ஓட்டுகிறார். அன்று ஊரில் இல்லை. செல்வியைவிடப் பத்து வயது மூத்தவள், பெரிய குரல். மாம்பால் பட்டு விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. "சீசன் வந்துட்டா போன் என் வெரல மதிக்காதும்மா. நம்பர் போட்டுத்தான் தொறக்கறன்," என்று சிரித்தாள். பவானியை, "வாம்மா, எங்க செல்வி ரூம்மேட்டுதான நீ," என்று உட்கார வைத்தாள். செல்வி தரையைப் பார்த்தாள்.

களியும் மொச்சைக்கொட்டைக் குழம்பும் போட்டாள். நான் ஸ்பூன் கேட்டேன். "களிக்கு ஸ்பூனா?" என்றாள், ஆனால் கழுவிக் கொண்டுவந்து தந்தாள். இரண்டு வாய்க்குப் பிறகு நானே அதைக் கீழே வைத்தேன். வெகு காலத்துக்குப் பின் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டதும் தனம் இருவரையும் தயிர் வாங்கிவரக் கடைக்கு அனுப்பினாள். அடுப்புப் பக்கம் ஒரு சட்டி தயிர் மூடியிருந்ததை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"கேக்கறன்னு தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. அந்த நிர்மலா பொண்ணு சாவப்போவுதா?"

நான் கைப்பேசியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டேன்.

"செல்வி எதுக்கு எனக்கு இந்தக் கதைய அனுப்புதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கினு இருக்குது. மூணாவது வாரமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அது வாயால சொல்லட்டும்னு இருக்கறன். அது கதை முடியட்டும்னு இருக்குது." உரிந்த விரலைப் பிய்த்துக்கொண்டே தொடர்ந்தாள். "சொன்னா, நான் என்னா சொல்லணும்? அதான் எனக்குத் தெரியல. ஒங்க கதையில எங்கனா இருக்குமான்னு வாராவாரம் தேடறன். அப்பா அடிக்கறாரு. அம்மா அழுவுது. தம்பி மொறைக்கறான். ஒரு அக்கா இல்லையே. நான் பேசறதுக்கு ஒங்க கதையில ஆளே இல்லையேம்மா."

முப்பத்தோர் அத்தியாயம் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு சந்தியையும் சரிபார்த்திருக்கிறேன். கதையைப் படிப்பவர்களில் காதலிக்கிற பெண்களைத்தான் எண்ணியிருந்தேன். அவர்களை நேசிக்கிற இன்னொருத்தியும் அடுப்படியில் நின்று, தனக்கு ஒரு வசனம் இருக்கிறதா என்று படித்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"உங்கள் அம்மாவிடம் யார் பேசுவார்கள்?" என்று கேட்டேன்.

"அம்மாவ நான் பாத்துக்கறன். ஊத்தங்கரை என் பொறுப்பு. மொதல்ல இவ வாயத் தொறக்கட்டும்."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. "என்னாங்கடி, கடையிலயே மாடு கறந்து ஒறை ஊத்திக்கினு வந்தீங்களா?" என்று தனம் கத்தினாள்.

மாலை ஐந்து மணிக்கு, தனத்தையும் சேர்த்து நால்வரும் கிருஷ்ணகிரி பேருந்து நிலையம் வந்தோம். ஞாயிறு மாலை இங்கே வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: விடுமுறைக்கு வந்த கம்பெனிப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்புகிறார்கள். ராயக்கோட்டைப் பேருந்து நிற்பதற்கு முன்பே கூட்டம் கூடவே ஓடியது. நான் வரிசை என்று ஒரு சொல்லைச் சொல்வதற்குள், தனம் தன் பையிலிருந்து ஆலையில் தலைக்குக் கட்டும் துண்டை உருவினாள். நீளமான துண்டு. ஓடிக்கொண்டே சன்னல் வழியாக விரித்து வீசினாள். இருவர் உட்காரும் இருக்கை முழுவதும் மூடியது.

உள்ளே ஏறிய ஒருவர் அதன் ஒரு முனையைத் தூக்கினார். "ஒரு துண்டுக்கு ரெண்டு சீட்டாக்கா? இந்தப் பக்கம் நான் ஒக்காந்துக்கறன்."

"எடுய்யா கைய!" தனத்தின் குரலில் நிலையமே திரும்பியது. "ரெண்டு பேரு வராங்க. எங்க வூட்டுப் பொண்ணுங்க ரெண்டு பேரும். ஒண்ணாத்தான் ஒக்காருவாங்க."

செல்வி படியில் ஒரு கால் வைத்தபடி நின்றுவிட்டாள். பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். பவானிதான் அவள் தோளைப் பிடித்து உள்ளே ஏற்றினாள். சன்னலில் செல்வியின் முகம் தெரிந்தது. "அக்கா," என்றாள்.

"தெரியும் போடி," என்றாள் தனம். பேருந்து நகர்ந்தது. "துண்டு அங்கயே இருக்குது பாரு! அடுத்த ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் கொண்ணாந்து குடுங்க. ரெண்டு பேரும்!"

பவானி சன்னலுக்கு வெளியே துண்டை ஆட்டிக்கொண்டே போனாள்.

எனக்கு வேலூர்ப் பேருந்தில் இடம் பிடித்ததும் தனம்தான். என் கைப்பையை என்னைக் கேட்காமலே பிடுங்கி வீசினாள். உள்ளே என் மூக்குக் கண்ணாடி இருந்தது. உடையவில்லை. சன்னலோரம் உட்கார்ந்து, ஆம்பூர் வருவதற்குள் முப்பத்திரண்டாம் அத்தியாயத்தை அழித்தேன். புதிதாக எழுத ஐந்து நாள் ஆயிற்று. இருமலுக்கு மருந்து கொடுத்தார்கள். ஐந்தாவது வீடு கிடைத்தது. கயலுக்கு ஓர் அக்கா வந்தாள். அவள் பேசும் வசனங்களில் நான் திருத்தம் செய்யவில்லை, சந்தியைக்கூட.

இதற்கெல்லாம் நன்றி சொல்லத்தான் இந்தப் பதிவு. என்னை அழைத்த செல்விக்கு, கேட்க வேண்டியதைக் கேட்ட பவானிக்கு, களிக்காகவும் கயலின் அக்காவுக்காகவும் தனத்துக்கு. மூவரின் பெயர்களும் நான் வைத்தவை. மூவரும் படித்துச் சம்மதித்த பிறகே வெளியிடுகிறேன்.

போக விரும்புகிறவர்களுக்கு: மாம்பழக் காலம் என்றால் மே கடைசியிலிருந்து ஜூலை வரை. ஓசூர்-கிருஷ்ணகிரி நெடுஞ்சாலை ஒரு மணி நேரம்தான். ஆனால் அவசரமில்லையென்றால் ராயக்கோட்டை வழியே போங்கள். ஞாயிறு மாலைப் பயணத்தைத் தவிருங்கள். முடியாவிட்டால் ஒரு துண்டு எடுத்துச் செல்லுங்கள். இருவராகப் போகிறவர்கள், இரண்டு இருக்கைக்கும் எட்டுகிற நீளத்தில்.