வெடி போடாத வரவேற்பு

மைதாக் கஞ்சிப் பசையின் புளித்த வாசனையும் வெயிலில் காயும் காகிதத்தின் வாசனையும் சேர்ந்து எங்கே வீசினாலும், விஸ்வநத்தத்துக்குப் பக்கத்தில் நான் வளர்ந்த தெரு கண்முன் வந்துவிடும். பட்டாசுக் கம்பெனியிலிருந்து திரும்பிய பிறகும் வீட்டுக்கு வீடு வெடிக்கான காகிதக் "குழாய்" உருட்டுவார்கள். உருட்டியதெல்லாம் வாசலை அடைத்துக்கொண்டு காயும். அதனால் பீடி பற்றவைக்கக்கூட ஆண்கள் தெருமுனைக்குப் போய்விடுவார்கள்.

காலையில் கம்பெனி வேன் வாசலுக்கே வந்து ஆரன் அடித்து ஆட்களை ஏற்றிக்கொள்ளும். ஆனால் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கத் திருத்தங்கலுக்குப் போக, எங்கள் தெருப் பக்கம் ஒரு பஸ்ஸும் கிடையாது. எட்டு முடித்த பெண்பிள்ளைகள் கொஞ்ச நாள் வீட்டில் குழாய் உருட்டுவார்கள், பிறகு அவர்களும் வேனில் ஏறிவிடுவார்கள்.

நான் எட்டு முடித்த கோடையில் தேர்தல் வந்தது. என் அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள். பட்டாசுப் பெட்டியின் மேலிருக்கும் பெயரைக்கூட நான்தான் வாசித்துச் சொல்வேன். அப்பாவுக்கு அதில் பெருமை உண்டு, பயமும் உண்டு. "பொட்டப்புள்ள அம்புட்டுத் தூரம் எப்பிடித் தனியாப் போகும்? வேனுன்னா வாசல்ல ஏறி வாசல்ல இறங்கலாம்" என்று சொல்லி முடித்துவிட்டார்.

அம்மா அவரிடம் வாதாடவில்லை. ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் எப்போதும் நிலபுலன் உள்ளவர்களின் பெரிய தெருவோடு திரும்பிவிடுவார்கள். நாங்கள்தான் அங்கே போய் நிற்க வேண்டும். அம்மா கட்சிக்காரர் ஒருவரை வழியில் மறித்து, "ஒரு வாட்டி எங்க வாசலுக்குக் கூட்டிட்டு வாங்க, கலர் வாங்கி வைக்கேன்" என்றார்.

அந்தச் சாயங்காலம் தெருவே எங்கள் வாசலில் கூடியது. குழாய்களை அள்ளிச் சுவரோரம் குவித்துவிட்டு, இரவல் நாற்காலிகளைப் போட்டோம். ஒரு தட்டில் காரச்சேவு, பக்கத்தில் கலர் சோடா பாட்டில்கள். பெண்கள் எண்ணெய் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவியும் நகக்கண்ணில் வெள்ளி நிற மருந்துப்பொடி மினுங்கிக்கொண்டுதான் இருந்தது.

எங்கள் பக்கத்துப் பிரச்சாரத்துக்கு ஒரு முறை உண்டு. வேட்பாளர் ஜீப்பை விட்டு இறங்கியதும் சரவெடியைக் கொளுத்துவார்கள். அது வெடிக்கிறவரை அவர் கும்பிட்டபடி நிற்பார். கடைசி வெடி ஓய்ந்ததும் ஏறிப் போய்விடுவார். நடுவில் யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. அன்றும் கட்சிக்காரர் முன்னதாக வந்து எங்கள் வாசலில் சரத்தை விரித்தார். அம்மா ஓடிப்போய் அதைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"அய்யய்யோ, இங்கன போடாதீக! பூராவும் காயிதம்."

"ஏக்கா, வெடி இல்லாம என்ன வரவேற்பு? எழவு வீடு மாதிரில்ல இருக்கும்!"

"எழவுக்குந்தேன் வெடி போடுறீக. நாங்க செஞ்சத எங்களுக்கே வெடிச்சுக் காட்டணுமாக்கும்?" என்று சொல்லி, சுருட்டிய சரத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார் அம்மா.

வேட்பாளர் இறங்கினார், கும்பிட்டார். வெடிச் சத்தம் இல்லை. எப்போது கையை இறக்குவது, எப்போது கிளம்புவது என்று அவருக்கே பிடிபடவில்லை போல; சுற்றிலும் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த அமைதியில் அம்மாவின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"எம் மக ஒம்பதாப்பு போகணும்யா. வேலைக்கு வாசலுக்கு வண்டி வருது. பள்ளியொடத்துக்கு வர மாட்டேங்குது."

ஜெயித்ததும் பஸ் விடுவதுதான் முதல் வேலை என்றார் அவர். பிறகு பிள்ளையின் அப்பா யாரென்று விசாரித்து, கூட்டத்தின் கடைசியில் நின்ற அவரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கண்ணே, புள்ளைய அனுப்புவீகளா?" என்று கேட்டார்.

"நல்லாக் கேளுங்க, முட்டுக்கட்டையே இந்த மனுசந்தேன்!" என்றார் பக்கத்து வீட்டு முத்துமாரி சித்தி. தெருவே சிரித்தது. அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அனுப்பாம என்ன? அனுப்புவேன்" என்றார்.

வேட்பாளர் தோற்றுப்போனார். பஸ் வரவில்லை. ஆனால் அப்பா சொன்னதைத் தெருவே கேட்டிருந்தது. டீக்கடையிலும் வேனிலும் "என்ன மாமா, புள்ளைய எப்பச் சேக்கீக?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை, சைக்கிள் கேரியரில் துண்டை மடித்துப் போட்டுவிட்டு, "ஏறு, நேரமாச்சு" என்றார் அப்பா. பள்ளிப்படிப்பு முடியும்வரை, வேலைக்குப் போகுமுன் என்னை அப்படித்தான் கொண்டுபோய் விட்டார். இன்று நான் அதே திருத்தங்கலில் ஓர் ஆசிரியை. எங்கள் வம்சத்தில் முதல் பட்டதாரி.

பஸ் இப்போது தெருமுனைக்கு வருகிறது. வேட்பாளர்கள்தான் வாசலுக்கு வருவதில்லை. வண்டியில் நின்றபடியே கையசைக்கிறார்கள், பதிவுசெய்த குரல் ஓட்டுக் கேட்கிறது. போன தேர்தலிலும் அம்மா தெருவைக் கூட்டி வைத்திருந்தார். வண்டி முனையிலேயே திரும்பிவிட்டது. எல்லோரும் எழுந்திருக்கப் போனார்கள்.

"இருங்க, அவுக வராட்டி என்ன?" என்றார் அம்மா. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரரைப் பார்த்தார். "ஏப்பா, இம்புட்டுப் பேரு முன்னால நீ சொல்லு. புள்ளையக் காலேசுக்கு அனுப்புவியா, மாட்டியா?"